போரில் பிறந்த வண்டியும் பட்டறையில் வளர்ந்த வண்டியும்

யுத்தத்துக்கெனச் செய்யப்பட்ட பொருள்கள் யுத்தம் முடிந்தபின் என்ன ஆகின்றன என்பதைச் சரித்திர நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிடுவதோடு அவற்றின் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் லொறியும் இரும்பும் றப்பரும் உடன்படிக்கையோடு மறைந்துவிடுவதில்லை. அவை யாரோ சிலருடைய முற்றத்தில் வந்து சேர்கின்றன. யாரோ சிலருடைய கைகள் அவற்றை வேறொன்றாக ஆக்குகின்றன. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவம் பயன்படுத்திய ஜீப் வண்டி பிலிப்பைன்ஸ் நாட்டில் அடைந்த மாற்றம் அத்தகைய கதைகளில் ஒன்று. போர்க்களத்தில் ஓடிய வண்டியை மணிலா நகரத்துத் தொழிலாளர் வெட்டி, நீட்டி, கூரையிட்டு, வர்ணந் தீட்டி, ஏழைகளின் பொது வண்டியாக்கினர். ‘ஜீப்னி’ என்பது அதன் பெயர்.

பழைய ஜீப் ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் புதுப்பிப்பது செல்வ நாடுகளில் இன்று பலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. புதிய எஞ்சின், அகன்ற சக்கரம், பளபளக்கும் வர்ணம் என்று அதற்காக அவர்கள் ஆயிரக்கணக்கான டொலர் செலவிடுகின்றனர். அதில் தவறில்லை, கைத்தொழிலில் மனிதனுக்குள்ள இயல்பான இன்பம் அது. ஆனால் இதே வேலையைத்தான், ஓய்வும் பணமும் இல்லாத மக்கள், வயிற்றுப்பாட்டுக்காகவும் ஊரின் தேவைக்காகவும் 1945ஆம் ஆண்டிலேயே மணிலாவின் இடிபாடுகளுக்கிடையிற் செய்தார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுகொள்ள, அந்த வண்டி பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

1940ஆம் ஆண்டு கோடையில் பிரான்ஸ் ஹிட்லரிடம் வீழ்ந்தது. அமெரிக்க இராணுவம் பரபரப்படைந்தது. கரடுமுரடான நிலத்திலும் ஓடக்கூடிய சிறிய, பாரமற்ற வண்டி ஒன்று தனக்கு வேண்டுமென 135 கொம்பனிகளுக்கு அது அறிவித்தது. முதல் மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையைக் கண்டு பெரிய முதலாளிகள் ஒதுங்கிக்கொண்டனர். விலை கூறி முன்வந்தவை இரண்டே கொம்பனிகள். ஒன்று, ஒகையோ மாநிலத்தின் வில்லிஸ் ஓவர்லாண்ட். மற்றது, பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் ஏறக்குறைய முடங்கிக் கிடந்த பாண்டம் என்ற சிறிய கொம்பனி.

கெடுவை ஏற்றுக்கொண்டது பாண்டம். கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் இரண்டே நாட்களில் வண்டியின் வரைபடங்களை முடித்தார். பட்லர் நகரத்துத் தொழிலாளர், கிடைத்த பாகங்களைப் பொருத்தியும் கிடைக்காதவற்றைக் கையாலேயே செய்தும், இரவு பகலாக அதற்கு உருக்கொடுத்தனர். 1940 செப்டெம்பர் 23ஆம் திகதி, கெடு முடியும் நாளில், முதல் வண்டி மேரிலாண்ட் மாநிலத்தின் ஹோலபேர்ட் முகாமை அடைந்தது. இராணுவத்தினர் அதனை ஓட்டிப் பார்த்து வியந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது முதலாளித்துவ உற்பத்தி முறையின் தன்மையை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. சிறிய கொம்பனியால் வேண்டிய தொகையைச் செய்துதர முடியாது என்று கருதிய இராணுவம், பாண்டத்தின் வரைபடங்களை வில்லிஸ் கொம்பனிக்கும் போர்ட் கொம்பனிக்கும் காட்டியது. அவ்விரண்டும் தத்தம் மாதிரிகளைச் செய்தன. 60 குதிரைவலுக் கொண்ட வில்லிஸ் எஞ்சினே வலிமை மிக்கதென முடிவாயிற்று. பெரிய ஒப்பந்தங்கள் வில்லிசுக்கும் போர்டுக்கும் சென்றன. யுத்தம் முடிவதற்குள் அவை இரண்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. வண்டியைத் தந்த கொம்பனிக்கு, அந்த வண்டியின் பின்னால் இழுக்கப்படும் இழுவைப் பெட்டிகளைச் செய்யும் வேலையே எஞ்சியது.

யுத்தத்தின் நடுவிலேயே, ஜீப்பைப் படைத்தவர்கள் தாங்களே என்று வில்லிஸ் கொம்பனி விளம்பரஞ் செய்தது. 1943ஆம் ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஜீப் பற்றிய எண்ணம் பாண்டம் கொம்பனியும் இராணுவ அதிகாரிகள் சிலரும் சேர்ந்து உருவாக்கியதே என்று 1948இல் அந்த ஆணைக்குழு தீர்ப்பளித்தது. ஆயினும் 1950ஆம் ஆண்டு ‘ஜீப்’ என்ற பெயர் வில்லிஸ் கொம்பனியின் பதிவு செய்யப்பட்ட வணிகக் குறியாயிற்று. படைத்தவனுக்குத் தீர்ப்பு, உடையவனுக்குப் பெயர். பட்லர் நகரத்துத் தொழிலாளரின் பெயர்களோ எந்தத் தாளிலும் இடம்பெறவில்லை.

அந்த வண்டியின் அமைப்பை நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். தட்டையான தகடுகள், ஏணி போன்ற எளிய இரும்புச் சட்டம், அதனைத் தாங்கும் தட்டு வில்கள், நான்கு உருளை எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஏற்பாடு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 80 அங்குலம் மாத்திரமே. களத்தில் உடைந்தால் களத்திலேயே, சில சாவிகளையும் ஒரு சுத்தியலையும் கொண்டு, சாதாரணப் படைவீரன் ஒருவன் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இத்தனை எளிமை. போர்த் தேவைக்காக ஏற்பட்ட இந்த எளிமைதான் பின்னர் ஏழைத் தொழிலாளியின் கைக்கு வாய்ப்பாக அமைந்தது. இராணுவம் தன் வசதிக்காகச் செய்த ஒன்று, அது நினைத்தும் பாராத வேறொரு வர்க்கத்துக்குப் பயன்பட்டது.

இனி மணிலாவுக்கு வருவோம். 1945 பெப்ரவரி 3ஆம் திகதி தொடங்கி மார்ச் 3ஆம் திகதி வரை அந்த நகரத்துக்காக நடந்த போரில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பொதுமக்கள் மாண்டனர். ஜப்பானியப் படையினர் நிகழ்த்திய படுகொலைகள் ஒருபுறம். அமெரிக்கப் பீரங்கிகளின் குண்டுமாரி மறுபுறம். வீடுகள், பள்ளிகள், தேவாலயங்கள், வைத்தியசாலைகள் எல்லாம் கற்குவியல்களாயின. யுத்தத்துக்கு முன் நகர மக்களைச் சுமந்த ட்ராம் பாதைகளும் அழிந்தன. அவை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. உயிர் தப்பியவர்கள் வேலைக்கும் சந்தைக்கும் செல்ல வேண்டும். செல்வதற்கு வண்டி இல்லை.

ஆனால் நகரத்தைச் சுற்றிலும் அமெரிக்க இராணுவத்தின் ஜீப்புகள் ஆயிரக்கணக்கில் நின்றன. அவற்றைத் திரும்பக் கப்பலேற்றும் செலவு வண்டியின் விலைக்கு ஒவ்வாது. சில விற்கப்பட்டன, சில கொடுக்கப்பட்டன. எஞ்சிய இராணுவப் பொருள்களை வழங்குவதற்கு 1946ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமும் இயற்றிற்று. 10 கோடி டொலர் பெறுமதியான பொருள்கள் வரை பிலிப்பைன்ஸ் அரசாங்கத்துக்குக் கொடுக்க அச்சட்டம் இடமளித்தது.

இந்த ‘உதவி’யின் மறுபக்கத்தையும் நாம் பார்க்கவேண்டும். யுத்த நட்டஈடாக 500 டொலருக்கு மேற்பட்ட தொகை எதுவும், பிலிப்பைன்ஸ் அமெரிக்காவுடன் வர்த்தக ஒப்பந்தத்தை ஏற்கும் வரையில், வழங்கப்படமாட்டாது என்று அதே சட்டம் விதித்தது. அந்த வர்த்தக ஒப்பந்தமோ, நாட்டின் இயற்கை வளங்களைத் தோண்டியெடுக்கும் உரிமையை அமெரிக்கருக்கும் சமமாகத் தரவேண்டும் என்று கேட்டது. 1946 ஜூலை 4ஆம் திகதி சுதந்திரக் கொடி ஏறிற்று. 1947 மார்ச் மாதத்திலேயே அந்தச் ‘சம உரிமை’க்காக அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அமெரிக்கப் பண்டங்கள் தீர்வையின்றி வந்து குவிந்தன. சொந்தத்தில் மோட்டார் வண்டி செய்யும் தொழிலைக் கட்டியெழுப்பும் எண்ணம் நாட்டின் ஆளும் வர்க்கத்துக்கு இருக்கவில்லை. அந்த வேலை சேரிப்புறத்து முற்றங்களில், யாருடைய திட்டத்திலும் சேராமல், தொடங்கியது.

அந்த வேலை எத்தகையது? படைவீரர் நால்வர் அமரும் வண்டியை அதைவிடப் பல மடங்கினர் அமரும் வண்டியாக மாற்றவேண்டும். அதற்குச் சட்டத்தின் இரு நெடும் பாளங்களையும் குறுக்கே வெட்டி, நடுவிலே புதிய இரும்பைச் செருகி, காய்ச்சி ஒட்டவேண்டும். சட்டம் நீளும்போது அது வளைந்து முறியும் அபாயமும் கூடும். ஆகவே ஒட்டிய இடத்துக்கு மேல் இன்னொரு தகட்டை வைத்து உறுதிப்படுத்த வேண்டும். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டையும், தடுப்புக் குழாய்களையும் நீட்டவேண்டும். கூடிய பாரத்தைத் தாங்கத் தட்டு வில்களின் அடுக்குகளைப் பெருக்க வேண்டும். நகரத் தெருவுக்கு நான்கு சக்கர விசை வேண்டியதில்லை. பின்சக்கர விசையே போதும். பின்புறத்தில் நீளவாட்டில் எதிரெதிரே இரு வாங்குகள். ஏறவும் இறங்கவும் பின்னால் ஒரு படி. மேலே வெயிலுக்கும் மழைக்கும் தகரக் கூரை. இவை யாவற்றுக்கும் அளவுநூல் கிடையாது. கண்ணும் கையும் தொழில் அனுபவமுமே அளவுகோல்.

யுத்தத்துக்கு முன்பே மணிலாவில் சிறிய கார்களை மாற்றி ஆட்களை ஏற்றிச்சென்ற வழக்கம் இருந்தது. அதற்கும் முன்னே நகரத்து வாகனம் கலேசா என்னும் குதிரை வண்டி. அந்த வண்டிகளுக்கு வர்ணந் தீட்டியும் அலங்கரித்தும் பழகிய கைகளின் மரபே ஜீப்னியிலும் தொடர்ந்தது. எஞ்சின் மூடியின்மேல் உலோகக் குதிரைகள் வரிசையாக நின்றன. குதிரை போய்விட்டது; அதன் உருவம் மாத்திரம் வண்டியின் நெற்றியிற் குடியேறிற்று. பக்கங்களில் மலையும் வயலும், மாதாவும் புனிதரும், சாரதியின் பிள்ளைகளின் பெயர்களும் இடம்பிடித்தன. ஒரே அச்சில் வார்த்த ஆறு இலட்சம் வண்டிகளிலிருந்து, ஒன்றைப்போல் மற்றொன்றில்லாத வண்டிகள் பிறந்தன.

இம்மாற்றத்துக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே சான்று. கவித்தே மாகாணத்தில் கலேசா ஓட்டியவர் லியொனார்டோ சராவோ. அவர் பின்னர் பட்டறைத் தொழில் கற்றார். 1953ஆம் ஆண்டு, 700 பெசோக் கடனை முதலாக வைத்து, மணிலாவுக்குத் தெற்கேயுள்ள லாஸ் பீனியாஸ் என்ற இடத்தில் தம் பட்டறையை அமைத்தார். நாளடைவில் நாட்டின் புகழ்பெற்ற ஜீப்னித் தொழிற்சாலையாக அது வளர்ந்தது. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில், பிலிப்பைன்ஸ் நாட்டின் மண்டபத்தில், சராவோ செய்த ஜீப்னி வைக்கப்பட்டது. அமெரிக்கா கழித்துவிட்ட வண்டி, உருமாறி, அமெரிக்காவுக்கே காட்சிப்பொருளாகத் திரும்பிற்று.

யுத்தகால ஜீப்புகள் முடிந்துபோனபின் இந்தத் தொழில் நின்றுவிடவில்லை. பட்டறைகள் உடலையும் சட்டத்தையும் தாமே செய்யத் தொடங்கின. எஞ்சினுக்கு ஜப்பானிய லொறிகளிலிருந்து கழற்றிய பழைய டீசல் எஞ்சின்கள் வந்தன. இருபது பேரும் அதற்கு மேற்பட்டோரும் அமரும் அளவுக்கு வண்டி நீண்டது. பழைய ஜீப்பின் முகச்சாயல் ஒன்றே எஞ்சியது. மற்றவை எல்லாம் மாறிவிட்டன. ஆனால் இந்த வளர்ச்சியின் எல்லையையும் மறைக்கலாகாது. தகட்டை வளைக்கலாம், சட்டத்தை ஒட்டலாம். எஞ்சினை வார்ப்பதற்கு ஆலையும் முதலும் ஆராய்ச்சியும் வேண்டும். அவற்றை அரசாங்கம் தரவில்லை. ஆகவே அரைநூற்றாண்டு கடந்தும் அத்தொழில் பிறநாட்டுக் கழிவு எஞ்சினையே நம்பி நின்றது. மக்களின் திறமை எவ்வளவு பெரிதாயினும், உற்பத்திச் சாதனங்கள் அவர்கள் கைக்கு வராதவரையில், அது ஓர் எல்லைக்குமேல் வளர முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வண்டிக்குள்ளே வளர்ந்த பழக்கங்களும் கவனிக்கத்தக்கவை. முன்னால் இருக்கும் சாரதிக்குக் கட்டணம் செலுத்த, பின்னால் இருப்பவர் காசைப் பக்கத்தவர் கையிற் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறிச் சாரதியிடம் சேரும். மீதிக் காசும் அவ்வாறே திரும்பி வரும். சீட்டில்லை, நடத்துநரில்லை, முன்பின் அறியாதவர் கைகள்மேல் வைக்கும் நம்பிக்கையே ஏற்பாடு. ஆனால் சாரதிக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் இடையிலுள்ள உறவு இத்தகையதன்று. ‘பவுண்டரி’ என்று அங்கு வழங்கும் முறைப்படி, சாரதி ஒரு நாளைக்கு இவ்வளவு என்று குத்தகைப் பணத்தைச் சொந்தக்காரருக்குக் கட்டவேண்டும். எரிபொருட் செலவும் அவனுடையதே. இவ்விரண்டும் போக மிஞ்சுவதுதான் அவன் கூலி. பயணிகள் குறைந்தாலும், தெரு நெரிந்தாலும், எண்ணெய் விலை ஏறினாலும் நட்டம் அவனுடையது. மாதச் சம்பளமில்லை, ஓய்வு நாளில்லை. அவன் நெடுநேரம் ஓட்டுவதும், ஒரு பயணிக்காக நடுத்தெருவில் நிறுத்துவதும் குணக்கேட்டினால் அல்ல, இந்தக் கணக்கினால்.

ஆகவே எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் ஜீப்னிச் சாரதிகள் வண்டியை நிறுத்திப் போராடினர். மார்க்கோஸ் சர்வாதிகாரத்தின் கடைசி ஆண்டுகளில் அவர்களுடைய வேலைநிறுத்தங்கள் சனநாயக இயக்கத்தின் ஒரு பகுதியாயின. நகரம் முழுவதும் அவர்கள் சக்கரத்தில் நகர்வதால், அவர்கள் நின்றால் நகரமும் நிற்கும். இந்த வலிமையை ஆட்சியாளர்கள் என்றும் மறக்கவில்லை.

2017ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசாங்கம் பொது வாகனங்களை நவீனமாக்கும் திட்டத்தை அறிவித்தது. 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் விலக்கப்பட வேண்டும். புதிய வண்டிகளில் மின்சாரமோ ‘யூரோ 4’ தரத்து எஞ்சினோ இருக்கவேண்டும். தனித்தனி உரிமம் உடையவர்கள் அதனை விட்டுக்கொடுத்துக் கூட்டுறவுச் சங்கமாகவோ கொம்பனியாகவோ சேரவேண்டும் என்பன அதன் விதிகள்.

இத்திட்டத்தின் பின்னாலுள்ள ஒரு நியாயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய டீசல் எஞ்சின் கக்கும் கரிப்புகை நஞ்சு. அதனை முதலில் சுவாசிப்பவன் நாள் முழுதும் திறந்த வண்டியில் அமர்ந்திருக்கும் சாரதியே. அடுத்து, காரும் குளிரூட்டலும் இல்லாத பயணிகள். பழைய வண்டியின் அழகைப் பாடி, அந்தப் புகையை மறைப்பது முற்போக்காகாது. உழைக்கும் மக்களுக்குச் சுத்தமான காற்றும் பாதுகாப்பான வண்டியும் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கேள்வி, அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே. புதிய வண்டி ஒன்றின் விலை 20 இலட்சம் பெசோவையும் தாண்டியது. தொடக்கத்தில் அரசாங்கம் தந்த மானியம் வண்டிக்கு 80,000 பெசோ. அது பின்னர் உயர்த்தப்பட்டபோதும், பெரும்பகுதி வங்கிக் கடனாகவே நின்றது. அன்றாடம் மிஞ்சுவதை எண்ணி அரிசி வாங்கும் ஒருவன் இக்கடனை எவ்வாறு அடைப்பான்? புதிய வண்டிகளிற் பலவும் ஜப்பானிய, சீனக் கொம்பனிகளின் எஞ்சினும் அடித்தளமும் கொண்டவை. ஆகவே கடன் சாரதியின் தலையிலும், வட்டி வங்கியிடமும், இலாபம் பிறநாட்டு உற்பத்தியாளரிடமும் சென்றன. உள்ளூர்ப் பட்டறைக்காரன் கைகட்டி நின்றான்.

கூட்டுறவு என்ற சொல் நமக்கு இனியது. உழைப்பாளர் தாமாகச் சேர்ந்து, தம் உடைமையைப் பொதுவாக்கி, தாமே நிருவகிப்பது கூட்டுறவு. உரிமத்தைப் பறித்துவிடுவோம் என்ற அச்சுறுத்தலின்கீழ், பெருங்கடனை நுழைவுக் கட்டணமாக வைத்துச் சேர்ப்பதற்கும் அதே பெயரை வைப்பது அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் காரணமாக மணிலாவின் பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஜீப்னிச் சாரதிகள் மாதக்கணக்கில் வருவாயிழந்தனர். பலர் தெருவிலே நின்று கையேந்தினர். அவ்வாண்டு ஜூன் மாதம், மீண்டும் வண்டி ஓட்ட அனுமதி கேட்டு கலூக்கன் நகரில் ஆர்ப்பாட்டஞ் செய்த சாரதிகள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். 2023 மார்ச் மாதம் ஒரு வாரத்துக்கென அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தம், அரசாங்கம் பேச்சுக்கு இணங்கியதால், இரண்டு நாளில் நின்றது. உரிமங்களை ஒன்றுசேர்க்கும் கெடு பலமுறை தள்ளிப்போய், 2024 ஏப்ரல் 30ஆம் திகதி முடிவுற்றது. அதுவரையிற் சேராதவர்கள், தலைமுறையாக ஓடிய தெருக்களிலேயே உரிமமற்றவர்கள் எனப்பட்டனர்.

இந்த எண்பது ஆண்டுக் கதையில் ‘திருத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வந்திருப்பதைக் காணலாம். 1945இல் வண்டியைத் திருத்தியவன், அதனை ஓட்டியவனுக்கும் அதில் ஏறியவனுக்கும் பக்கத்தில் நின்றான். என்ன தேவை என்பதை அவன் அறிவான். கையிலுள்ளதைக் கொண்டு அதனைச் செய்தான். 2017இல் திருத்தம் மேலிருந்து வந்தது. அதன் அளவும் விலையும் தவணையும் அலுவலகங்களில் முடிவாயின. பழைய வடிவத்தைக் காத்தபடியே புதிய தரத்துக்கேற்ற எஞ்சினைப் பொருத்திக் காட்டிய உள்ளூர்ப் பட்டறைகள் உண்டு. அவற்றுக்கு முதலும் பயிற்சியும் ஆராய்ச்சிக்கூடமும் தந்து, சாரதிகளின் சங்கங்களோடு கலந்து, பொதுப் பணத்தால் வண்டிகளை மாற்றியிருந்தால், சுத்தமான காற்றும் கிடைத்திருக்கும், தொழிலும் பிழைத்திருக்கும். பொதுப் போக்குவரத்து பொதுத் தேவையாயின், அதன் செலவும் பொதுச் செலவாகவே இருக்கவேண்டும்.

மாணவர்களுக்குத் தொழில்நுட்பத்தின் சரித்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கண்டுபிடித்தவரின் பெயரோடும் ஆண்டோடும் பாடத்தை நிறுத்திவிடுவது வழக்கம். ஜீப்பின் கதையில் அவ்வாறு நிறுத்தினால், புரோப்ஸ்ட்டின் பெயரும் 1940 என்ற எண்ணும் மாத்திரமே மிஞ்சும். அந்த வண்டியை வெட்டி நீட்டி மூன்று தலைமுறைக்கு உழைக்கச் செய்தவர்கள் விடுபட்டுப்போவார்கள். கருவியைச் செய்தவர் யார் என்ற கேள்வியோடு, அதனைத் திருத்தியவர் யார், திருத்தத்தின் பயனைப் பெற்றவர் யார், அதன் கடனைச் சுமந்தவர் யார் என்ற கேள்விகளையும் கேட்க நம் மாணவர் பழக வேண்டும். மணிலாவின் சாரதிகள் இன்று தம் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருப்பதும் அதையே.